குதிகால் தரையில் படுவதற்கு

"இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்மா" என்று டாக்டர் சொன்னதும் எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. புதுச்சேரியில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நானும் என் கணவரும் போவது அது மூன்றாவது முறை. முதல் முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டாவது முறை ரத்தப் பரிசோதனை. மூன்றாவது முறை தேதி கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி, கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று மாறி மாறி வந்து உட்கார்ந்திருந்தோம்.

என் இடது கால் வலது காலைவிட நாலரை சென்டிமீட்டர் குட்டை. ஆறு வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் வைத்து மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்தேன். சீழ் ஆறிவிட்டது. எலும்பு வளர்கிற இடம் மட்டும் கெட்டுப்போனது. வலது கால் வயதுக்குத் தக்கபடி வளர்ந்துகொண்டே போக, இடது கால் பின்தங்கிவிட்டது. முப்பத்தாறு வயது வரை அதோடுதான் நடந்தேன். இரண்டு வருஷமாக இடுப்பும் முதுகும் வலிக்க ஆரம்பித்து, பிறகு நல்ல காலின் முட்டியும் வலித்தபோதுதான் டாக்டரைத் தேடிப் போனேன்.

அவர் செய்யப்போவதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார். எலும்பைக் குறுக்கே வெட்டி, காலைச் சுற்றி வெளியே இரும்பு வளையங்களை மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைத்துவிடுவார்கள். வளையங்களுக்கு நடுவே திருகாணிகள். அவற்றை ஒரு நாளைக்கு நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால், வெட்டிய இடம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு வளரும்.

"எலும்பு ரெடியா இருக்கு. கால் ரெடியா இல்ல" என்றார் டாக்டர். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து முட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மேலே தள்ளிப் பார்த்தார். பாதம் நேராகக்கூட நிற்கவில்லை. நுனி கீழே பார்த்தபடி இருந்தது. "இந்தப் பாதம் நேரா வந்து, அதுக்கு மேலயும் பத்து டிகிரி உங்க முகத்தப் பாத்து மடங்கணும். தொடை சதையும் ஏறணும். மூணு மாசம் பயிற்சி பண்ணிட்டு வாங்க. இப்படியே எலும்பை இழுத்தா குதிகால் மேல தூக்கிக்கும். நீளமான காலோட நுனிக்கால்ல நடப்பீங்க."

எனக்கு அது அவமானமாக இருந்தது. காரணம் என் வேலை. மலையில் ஒரு சிறிய தபால் நிலையத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் பை வந்ததும் பிரித்து, முத்திரை குத்தி, சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் நடை, அதில் பாதி ஏற்றமும் இறக்கமும். பன்னிரண்டு வருஷமாக அப்படி நடப்பவளிடம் காலில் பலமில்லை என்கிறாரே!

வெளியே வந்து டீ குடிக்கும்போது என் கணவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"வுடு. டாக்டரே வேணாம்னுட்டாரு" என்றார்.

"வேணாம்னு சொல்லல. மூணு மாசம் கழிச்சி வரச் சொன்னாரு."

"நடக்கிற காலை இன்னாத்துக்கு வெட்டிக்கணும்? நான் இன்னா உன் கால பாத்தா கட்டிக்கினேன்?"

அவருக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் சொந்த ஊர். கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு என் வேலைக்காக மலைக்கு வந்து, குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. அதனாலேயே, இந்த ஆபரேஷன் எனக்கு எதற்கு வேண்டும் என்று அவருக்குப் புரியவைப்பது கஷ்டமாக இருந்தது. முதுகுவலி என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் இல்லை. இறக்கத்தில் எதிரே ஆட்கள் வந்தால், அவர்கள் கடந்து போகும்வரை எதையோ தேடுகிற மாதிரி நின்றுவிடுவேன், என் நடையை அவர்கள் பார்க்கக் கூடாது என்று. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் என்னைப் பார்க்கிறவர்களிடம்கூட அப்படித்தான். இதை யாரிடம் சொல்வது?

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது, டாக்டர் சொன்ன பயிற்சிக்காக நான் போன பிசியோதெரபி அறை. அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கம்மி. சின்னசேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்து வைத்திருப்பாள் என்பதால்தான் அவளிடம் போனேன். அவள் என்னை அக்கா என்றாள். நான் அவளை மேடம் என்றேன். கடைசிவரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம்.

டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு, எடை பார்க்கும் இரண்டு மெஷின்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடது பக்க மெஷினை ஒரு மரப்பலகை மேல் உயர்த்தி வைத்தாள்.

"ஒரு கால இதுல வைங்க, இன்னொரு கால அதுல வைங்க. எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்கக்கா."

நின்றேன்.

"வலது கால்ல முப்பத்தெட்டு. இடது கால்ல பதினேழு" என்று படித்தாள். "சமமா நிக்கிறதா நெனச்சிக்கினு இருந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"உங்க வலது காலுதாங்க்கா தபால் குடுக்கப் போவுது. இடது காலு சும்மா கூட போய்க்கினு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். இடது தொடை நான்கு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலை எம்பச் சொன்னாள். இருபத்திரண்டு முறை எம்பினேன். இடது காலில் மூன்றாவது முறையே கெண்டைச் சதை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் டாக்டர்மேல் இருந்த கோபம் போனது. அதன் இடத்தில் பயம் வந்தது. இத்தனை வருஷமாக ஒற்றைக் காலில்தான் மலை ஏறியிருக்கிறேன். அந்தக் காலின் முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

அவள் எனக்கு ஒரு நோட்டில் படம் வரைந்து கொடுத்தாள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி, தொடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்த வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல், இடது காலின் பலத்தில் எழ வேண்டும். கடைசியாக நீட்டும் பயிற்சி. பாதத்தில் துண்டைக் கோத்து முகத்தை நோக்கி இழுத்துப் பிடிப்பது ஒன்று, சுவரில் கையை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்துவது இன்னொன்று. ஒவ்வொன்றும் அரை நிமிஷம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தேன். அவருடைய பழைய பேன்ட்டின் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, கோமுகி அணைப் பக்கம் போனபோது அள்ளிவந்த மணலைப் போட்டு ஒரு பை செய்தேன். முதலில் அரை கிலோ, பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு ஒன்றரை. கணுக்காலில் அதைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கும்போது தொடையில் ஒரு மேடு எழும்பும். அதுவரை வலது தொடையில் மட்டும் பார்த்த மேடு அது. காலையில் தபால் பை வருவதற்கு முன்னால் ஒரு தடவை, விநியோகம் முடிந்து வந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடுவார்.

மூன்றாவது வாரம் எங்களுக்குள் சண்டை வந்தது. ஆபரேஷனுக்குப் போனால் எட்டு மாதமாவது வேலைக்கு வர முடியாது. அதுவரை எனக்குப் பதிலாக ஓர் ஆளை நானே ஏற்பாடு செய்து, மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பேரைக் கேட்டுவிட்டேன். நடை ஜாஸ்தி என்று இருவருமே மறுத்துவிட்டார்கள்.

"நீங்க பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு இந்த ஆபரேஷனே புடிக்கல. அதுக்கு நானே வழி பண்ணித் தரணுமா?"

"புடிக்கலன்னா இன்னா காரணம்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது. வுடு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நான் பையைத் தோளில் மாட்டியபோது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வழியக் காட்டு. சும்மா பாக்கிறேன்" என்றார்.

அன்றைக்குப் போக வேண்டியது மேற்குப் பக்கக் குடியிருப்பு. சாமைக் கொல்லைகளைத் தாண்டி, ஓடையில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏற வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் பாதை வழுக்கியது. ஓடைக்கு இறங்குகிற இடத்தில் நான் எப்போதும் போல உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை முதலில் கீழே வைத்து, கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தேன். பிறகு மறுபடி வலது கால். எனக்கு அது பழகிப்போன இறக்கம். பின்னால் அவர் வரும் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. போ."

குடியிருப்பில் ஆதார் கடிதம் ஒன்றும் பார்சல் ஒன்றும் கொடுத்தோம். பார்சலை வாங்கிய பெண், "இன்னா தபால்காரம்மா, இன்னிக்குத் தொணைக்கு ஆளு கூட்டியாந்துட்டே?" என்றாள். "வேல கத்துக்கறாரு" என்றேன். அவர் மறுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஏற்றத்தில் என் செருப்பின் அடி பிய்ந்துவிட்டது. இடது செருப்புக்கு அடியில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ரப்பர் அட்டைகளை ஒட்டி உயர்த்திக் கொடுப்பார். மழைக்காலத்தில் பசை விட்டுப்போய் மாதம் ஒரு முறை இப்படி ஆகும். நான் இரண்டு செருப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இடது காலை நுனியில் ஊன்றி நடந்தேன். அவர் அந்தப் பையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"எத்தினி வருஷமா இப்பிடிப் போய்க்கினு இருக்கே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"வூட்ல நடக்கிறதுதான் தெரியும்."

மறுநாளும் வந்தார். அந்த வாரம் முழுக்க வந்தார். யார் வீடு எங்கே இருக்கிறது, யாருக்குப் படித்துக் காட்ட வேண்டும், எந்த வீட்டில் கைநாட்டு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்காம் நாள் அவருக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் அவர் பெயரைப் போட்டேன்.

ஆறாவது வாரம் கள்ளக்குறிச்சிக்குப் பெருமையோடு போனேன். இடது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருந்தது. எடை மெஷின்களில் முப்பத்தொன்று, இருபத்திநாலு. குதிகாலை எம்புவதில் மூன்று பதினொன்றாகியிருந்தது. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு என்னைப் படுக்கவைத்து, பாதத்தைப் பிடித்து மேலே தள்ளி, கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

"பாதம் கொஞ்சங்கூட நகரவே இல்லியேக்கா. நீட்டுற பயிற்சி பண்றீங்களா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "ஒரு வேள பண்ணுவேன் மேடம். சில நாள் அதுவும் இல்ல."

"ஏன்?"

"மணல் மூட்டையத் தூக்கினா ஏதோ பண்ணினா மாதிரி இருக்கு. இது சும்மா நிக்கிற மாதிரி இருக்கு."

அவள் அளவுகோலை மேஜைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. "எலும்பு டாக்டர் சொன்னா கேக்கும்க்கா. ஸ்க்ரூவத் திருகினா நகந்துதான் ஆவணும். சதை யார் பேச்சும் கேக்காது. அது இழுத்துப் புடிச்சிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ஆபரேஷன் நல்லா முடிஞ்சி, எலும்பும் நல்லா வளந்து, குதிகாலு தரையில படாம ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிக்கினாரு. நீங்க அதையும் பண்ணிக்கிறீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

அந்த ரோஷத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். ஐந்து வேளை என்றால் நான் பத்து வேளை செய்தேன். தபால் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஏற்றம் வந்தால் நின்று, செருப்பைக் கழற்றி, சரிவில் இடது குதிகாலை அழுத்தி நீட்டினேன். நான்காவது நாள் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு வீங்கி, தொட்டால் சுட்டது. காலை ஊன்ற முடியவில்லை. பிசியோதெரபிப் பெண்ணிடம் போனில் சொன்னேன்.

"நரம்ப அறுத்துக்கப் பாத்தீங்களா? பத்து நாளைக்கு ஒண்ணுமே பண்ணாதீங்க. நடக்கவும் வேணாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "பயப்படாதீங்கக்கா, சரியாய்டும். ஆனா அவசரப்படாதீங்க" என்றாள்.

அந்தப் பத்து நாளும் அவர்தான் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். நான் தபால் நிலையத்தில் உட்கார்ந்து முத்திரை மட்டும் குத்தினேன். மூன்று மாதத்தில் பத்து நாள் வீணாகிறதே என்ற கவலையில் சாப்பாடு இறங்கவில்லை. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அம்மா போனில் அழுதாள். அவள் அழுவது எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். "அன்னிக்கு நாட்டுக்கட்டு கட்டாம உன்ன நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருந்தா இந்தக் கஷ்டம் இன்னாத்துக்கு?" என்பாள். வழக்கமாக நான் சமாதானம் சொல்லுவேன். அன்றைக்கு, "சரிம்மா, இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்ல, அழாத" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீக்கம் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் என்னோடு கள்ளக்குறிச்சிக்கு வந்தார். பிசியோதெரபிப் பெண் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, என் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, பாதத்தை அவர் முன்கையால் மெதுவாகத் தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "வலிக்கிற வரைக்கும் தள்ளாதீங்க. இழுக்குதுன்னு சொன்னா அங்கியே நிறுத்துங்க. முப்பது எண்ணுங்க. இனிமே இவங்களா பண்ண வேணாம். நீங்க பண்ணுங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கிப் பிடித்தார். டிராக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்த கை. என் பாதம் அதில் முழுக்க அடங்கியது.

அதிலிருந்து காலையும் சாயங்காலமும் அவர் செய்தார். எண்ணும்போது இருபதுக்கு மேல் வேகமாகப் போய்விடுவார். "நிறுத்தி எண்ணுங்க" என்பேன். ஒரு நாள் சாயங்காலம் எண்ணி முடித்த பிறகும் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பன் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு" என்றார். "வயித்துல சின்னக் கட்டி, ரெண்டு நாள்ல அனுப்பிடுவோம்னாங்க. வண்டியிலதான் தூக்கினு வந்தோம். எனக்கு அப்போ பதினாறு வயசு. நல்லா இருக்கிறவங்க அங்க போனா எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாமனார் உடம்பு சரியில்லாமல் இறந்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நானும் எதிரே ஆள் வந்தால் நின்றுவிடும் விஷயத்தைச் சொன்னேன். அவர், "அத நான் பாத்திருக்கேன். மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு இன்னொரு முப்பது எண்ணினார்.

கடைசி மூன்று வாரம் ஊன்றுகோல் பயிற்சி. ஆபரேஷன் ஆன பிறகு கற்றுக்கொள்வது கஷ்டம், இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று பிசியோதெரபிப் பெண் இரண்டு கோல்களைக் கையில் கொடுத்தனுப்பினாள். மலையில் சமதரை தேடுவதே கஷ்டம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலையில் நடந்து பார்த்தேன். அக்குளில் சாயக் கூடாது, கையில்தான் பாரத்தை வாங்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோல் முதலில். உள்ளங்கையில் காய் காய்த்தது. பார்த்தவர்கள் எல்லாம் பதறினார்கள்.

"ஐயையோ, இன்னாம்மா ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆவல. இனிமேதான் ஆவப்போவுது."

இந்தப் பதிலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டி வந்தது. அப்படி விளக்கி விளக்கியே, என் காலைப் பற்றி வாய்விட்டுப் பேசப் பழகிவிட்டேன். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னொரு காலையும் இழுத்துக்கோ, நல்லா ஒசரமா ஆயிடுவே" என்றார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று இன்றுவரை தெரியாது.

செப்டம்பர் முதல் வாரம் புதுச்சேரிக்குப் போனோம். டாக்டர் தொடையை அளந்தார். காலைத் தூக்கச் சொல்லி மேலே கையை வைத்து அழுத்தினார். நான் விடவில்லை. "நல்லா ஏறியிருக்கே" என்றார். பிறகு பாதம். முட்டியை நீட்டி மேலே தள்ளினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன்.

"எட்டு டிகிரி" என்றார்.

பத்து என்றுதான் சொல்லியிருந்தார். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னும் பத்து நாள் குடுத்தீங்கன்னா நான் அழுத்தி விட்டுடறேன் சார்" என்றார். ஆபரேஷனே வேண்டாம் என்றவர் சொன்ன வார்த்தை அது. டாக்டர் சிரித்துவிட்டார். "நேரா கூட வராத பாதம் எட்டுக்கு வந்திருக்கு. போதும். பண்ணிடலாம். ஆனா இத நிறுத்தக் கூடாது. கம்பி மாட்டின பிறகும் தினமும் பண்ணணும்" என்றார்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மயக்கம் தெளிந்து பார்த்தபோது காலைச் சுற்றி நான்கு வளையங்கள் இருந்தன. வலி இருந்தது. இரண்டாம் நாள் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் வந்து, "முடிஞ்சா கால கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்றார். இரும்போடு சேர்த்துத் தூக்கினேன். கட்டிலை விட்டு நான்கு விரல் எழும்பியது. மணல் மூட்டையைவிட அது கனம் கம்மி என்று தோன்றியது. மூன்றாம் நாள் ஊன்றுகோலோடு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணிக்கு நிற்கவே பத்து நாள் ஆனது. அவருக்கு விபத்து, முன்கூட்டிப் பயிற்சி செய்ய அவகாசம் கிடைக்கவில்லை.

எட்டாம் நாளிலிருந்து திருகல். காலை ஆறு, பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப் போகும்போது ஒன்று. மலைக்கு உடனே போக முடியாது என்பதால் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாதான் சாப்பாடு போட்டாள், கம்பி நுழைந்த இடங்களைத் துடைத்தாள். பயந்துகொண்டேதான் ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாகச் செய்தாள். அவர் வாரம் முழுக்கத் தபால் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, பாதத்தைத் தள்ளிப் பிடித்து எண்ணுவார். மற்ற நாட்களில் நானே துண்டைக் கோத்து இழுத்தேன்.

முப்பது நாள் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வாரத்தில் கெண்டைச் சதை கல்லாக இறுகியது. எட்டு டிகிரி நான்கானது, பிறகு ஒன்றானது. இரவில் தூக்கம் போனது. கள்ளக்குறிச்சிப் பெண் அதிலிருந்து ஒரு மாத காலம் வேலை முடிந்ததும் நேராக அம்மா வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். நான் கேட்கவில்லை, அவளாகவே வந்தாள். திருகல் தொடங்கிய நாற்பதாம் நாள் போய்க் காட்டியபோது பாதம் நேராக நின்றது, அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நாலு சென்டிமீட்டர் வந்திருக்கு. இங்க நிறுத்திக்கலாம். மீதி அரைக்கு ஆசப்பட்டா குதிகால் போயிடும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. நாலரைக்குத்தானே வந்தோம்? ஆனால் அவர் சொன்னது சரி. நேராக இருந்த பாதம் மறுபடி கீழே தொங்க ஆரம்பித்திருந்தால் எல்லாமே வீண்தான்.

புது எலும்பு கெட்டியாக மேலும் ஐந்து மாதம் ஆனது. சித்திரையில் வளையங்களைக் கழற்றினார்கள். ஜூன் மாதம் மலைக்குத் திரும்பினேன். ஒன்பது மாதத்தில் என் கணவர் எல்லாக் குடியிருப்புகளிலும் வேண்டிய ஆளாகியிருந்தார். ஒரு வீட்டில் பலாச்சுளை, ஒரு வீட்டில் சாமைச் சோறு என்று அவருக்குக் கிடைத்ததெல்லாம் எனக்குப் பன்னிரண்டு வருஷத்தில் கிடைத்ததில்லை. மேற்குப் பக்கக் குடியிருப்புக்கு இன்னமும் அவர்தான் துணைக்கு வருகிறார். ஓடை இறக்கம் எனக்கு இன்னும் பயம். ஒரு நாள் அந்த இறக்கத்தில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நான் நிற்கவில்லை. நிற்காமல் வந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மீதி அரை சென்டிமீட்டருக்குச் செருப்புக்குள் மெல்லிய அட்டை ஒன்று போட்டிருக்கிறேன். முதுகுவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. கணுக்கால் முன்போல மடங்காது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுவதற்குக் கை கொடுக்க ஆள் வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அவள் என்னைக் கண்ணாடி முன்னால் நடக்கச் சொன்னாள். நடந்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் நொண்டுறீங்கக்கா."

"கால் சரியாய்டுச்சே மேடம்?"

"கால் சரியாய்டுச்சு. முப்பது வருஷமா சாஞ்சி நடந்த ஒடம்புக்கு அது இன்னும் தெரியல. அதுக்குப் புதுசா கத்துக் குடுக்கணும். கண்ணாடி முன்னாடி தெனமும் பத்து நிமிஷம் நடங்க. ஆறு மாசம் ஆவும்."

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் இருந்தது. அவர் கச்சிராயப்பாளையத்திலிருந்து ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை பஸ்ஸின் பின்சீட்டில் நிற்கவைத்துப் பிடித்தபடி எல்லா வளைவுகளையும் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டில் நடக்க இடம் போதாது என்று தபால் நிலையத்தின் உள்சுவரில் மாட்டியிருக்கிறோம். காலையில் பை வருவதற்கு முன்னால் அதன் எதிரே நடக்கிறேன். ஆறு மாதத்தில் நான்கு முடிந்திருக்கிறது.